டெக்சாஸிலிருந்து ஜார்ஜியாவுக்கு: சொந்தத் துப்பாக்கியை விற்று அனுப்புவது எப்படி?

கேட்டிவாசி | மார்ச் 9, 2024, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். வேலை மாறுவதால் ஜூன் மாதம் குடும்பத்தோடு நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடிபோகிறோம். என்னிடம் ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கியும் ஒரு ரெமிங்டன் 870 ஷாட்கன்னும் (12 கேஜ்) இருக்கு. இரண்டும் இங்கே கடையில் முறைப்படி வாங்கியவை. நான் குடியுரிமை வாங்கி வருசம் பல ஆச்சு.

நியூ ஜெர்சிக்கு எடுத்துப்போக வீட்டில் விருப்பம் இல்லை. அட்லாண்டா பக்கம் ஆல்ஃபரெட்டாவில் என் கல்லூரி நண்பன் இருக்கான். இரண்டையும் தானே எடுத்துக்கிறேன், நல்லா பெட்டியில் கட்டி அனுப்பிவிடு என்கிறான். இணையத்தில் ஒருத்தர் தாராளமா அனுப்பலாம் என்கிறார், இன்னொருத்தர் ஜெயில் என்கிறார். செய்து பழகினவங்க விவரம் சொல்லுங்க. சட்டத்துக்கு ஒரு இம்மி கூட வெளியே போக எனக்கு விருப்பம் இல்லை.

கொங்குக்காரன் | மார்ச் 9, இரவு 10.02

பார்சல் எல்லாம் எதுக்குங்க? ஒரு வாரக் கடைசியில கார்ல வெச்சு ஓட்டிட்டுப் போயி நண்பர் கையில குடுத்துட்டு வந்துருங்க. டெக்சாஸ்ல தனியாள் தனியாளுக்கு விக்கறதுக்கு பேப்பரே வேண்டியதில்லீங்களே. சுகர்லேண்ட்ல ஒருத்தருக்கு நான் அப்படித்தான் வித்தேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

மணல்மேடு | மார்ச் 9, இரவு 11.37

கொங்குக்காரன் அண்ணா, நீங்கள் விற்றது டெக்சாஸ்வாசி டெக்சாஸ்வாசிக்கு. அது சரிதான். கேட்டிவாசியுடையது அப்படி இல்லை. டல்லாஸ் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் சனி ஞாயிறு கவுன்ட்டரில் நிற்கிறேன். இந்த ஒரு விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாநில எல்லையைத்தான் கோடாகப் போடுகிறது. லைசென்ஸ் இல்லாத ஒருவர், தன் மாநிலத்தில் வசிக்காத இன்னொரு லைசென்ஸ் இல்லாதவருக்குத் துப்பாக்கியை விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, சும்மா கொடுக்கவோ, கொண்டுபோய்ச் சேர்க்கவோ கூடாது. அன்பளிப்பும் இதில் அடங்கும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் அதே சட்டம்தான். அனுப்பும் வழியையும் சட்டம் பார்ப்பதில்லை. காரில் எண்ணூறு மைல் ஓட்டிப்போய்க் கையில் கொடுத்தாலும், பெட்டியில் போட்டு அனுப்பினாலும், குற்றம் ஒன்றே. ஐந்து ஆண்டு வரை சிறை.

சரியான வழி இதுதான். ஜார்ஜியாவில் வாங்குபவர் வீட்டருகே உள்ள லைசென்ஸ் பெற்ற டீலருக்கு (எஃப்.எஃப்.எல். என்று சொல்வோமே, அவர்) துப்பாக்கி போக வேண்டும். டீலர் அதைத் தன் பதிவேட்டில் வரவு வைப்பார். வாங்குபவர் நேரில் போய் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்ப, டீலர் எஃப்.பி.ஐ. நடத்தும் நிக்ஸ் முறையில் பின்னணிச் சோதனை செய்வார். ‘ப்ரோசீட்’ (கொடுக்கலாம்) என்று பதில் வந்தால்தான் துப்பாக்கி கைமாறும். டீலர் இதற்குக் கட்டணம் வாங்குவார், கடைக்குக் கடை வேறுபடும்.

லைசென்ஸ் இல்லாத நீங்களே வேறு மாநில டீலருக்கு நேரடியாக அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எதை எந்த வழியில் அனுப்பலாம் என்பதில் கைத்துப்பாக்கிக்கும் ஷாட்கன்னுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் நண்பர் என்ன விசாவில் இருக்கிறார்?

கேட்டிவாசி | மார்ச் 10, காலை 7.20

ரொம்ப நன்றி. அவன் எச்-1பி, வேலை விசா. ஐ-140 (கம்பெனி போடற கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆகிப் பல வருசம் ஆச்சு, கிரீன் கார்டு வரிசையில் நிக்கிறான். அவனும் இந்த இழையைப் படிச்சிட்டுத்தான் இருக்கான். ஏன், விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

மணல்மேடு | மார்ச் 10, காலை 8.05

இருக்கிறது. அப்படியே நிறுத்துங்கள். பெட்டியும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். எச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4, கம்பெனி மாற்றலில் வரும் எல்-1, மாணவர் விசாவான எஃப்-1 எல்லாமே இதில் வரும். ஐ-140 அப்ரூவ் ஆனது வரிசையில் இடம் பிடித்ததுதான், அதனால் நிலை மாறாது. கிரீன் கார்டு கையில் வந்தால் இந்தத் தடை நீங்கும்.

2022-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான உச்ச தண்டனை பதினைந்து ஆண்டு. தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ அவருக்கு விற்பவருக்கும் அதே பதினைந்து. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதோடு, துப்பாக்கிச் சட்டத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இருபது வருட உழைப்பு ஒரு பார்சலில் போய்விடும்.

ஆல்ஃபரெட்டா_நண்பன் | மார்ச் 10, காலை 9.48

நான்தான் அந்த நண்பன். இதைப் படிச்சதும் வயித்தைக் கலக்கிடுச்சு. இப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. கடையில் போய்க் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ என்னவோ, ஆனா நாங்க கடைக்கே போற யோசனையில் இல்லை. ஒரு சந்தேகம். ஆபீஸ்ல டீம் அவுட்டிங்னு ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிடறாங்க. அங்கே வாடகைத் துப்பாக்கிதானே, சுடலாமா?

மணல்மேடு | மார்ச் 10, காலை 10.30

வேண்டாம். கையில் பிடித்தாலே வைத்திருந்ததாகத்தான் கணக்கு. உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹெய்ஃப் வழக்கைப் படியுங்கள், 2019. மாணவர் விசாவில் புளோரிடாவுக்குப் படிக்க வந்தவர். படிப்பு நின்று, விசா நிலையும் போன பிறகு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அதற்குத்தான் வழக்கு. தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் தண்டனையைத் தள்ளியது. ரேஞ்சில் சுட்டது குற்றமே இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நம்மில் எச்-1பி வைத்திருப்பவர் யார்தான் “நான் எச்-1பி என்பதே எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியும்?

வயல்நண்டு | மார்ச் 10, காலை 11.12

ஒரு விதிவிலக்கு இருக்கு, அதையும் சொல்லிடணும். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் எச்-1பி காரருக்கு அந்தத் தடை இல்லை. நான் அப்படித்தான் மிசௌரியில் மான் வேட்டைக்குப் போறேன். பாதுகாப்பு வகுப்பு முடிச்சு, லைசென்ஸ் எடுத்து, கடையில் அந்த லைசென்ஸையும் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) எண்ணையும் காட்டித்தான் ரைஃபிள் வாங்கினேன்.

ஆனா ஒண்ணு. வேட்டை லைசென்ஸுக்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி தாண்டி மறுநாள் காலையில் துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருந்தாலே நீங்க தடை உள்ளவர் ஆயிடறீங்க. வேட்டைக்குப் போகாத ஆள், துப்பாக்கி வாங்கணும்னே ஒரு லைசென்ஸ் எடுத்து வெச்சுட்டுப் புதுப்பிக்க மறந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. வேட்டையில் உண்மையான ஆசை இருந்தா மட்டும் இந்த வழிக்கு வாங்க. அப்பவும் முதல்ல ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துட்டு வாங்க.

கொங்குக்காரன் | மார்ச் 10, மதியம் 12.40

எனக்கே இதெல்லாம் புதுசுங்க. நல்லவேளை கேட்டாரு. சரி, ஆல்ஃபரெட்டா நண்பருக்கு அங்க சிட்டிசனா சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா, அவிங்க பேர்ல கடையில வாங்கி இவருக்குக் குடுத்துடலாங்களா?

மணல்மேடு | மார்ச் 10, மதியம் 1.25

கூடவே கூடாது அண்ணா. தடை உள்ளவருக்குக் கொடுப்பது ஒரு குற்றம். இன்னொருவருக்காக வாங்கிவிட்டு, 4473 படிவத்தில் “உண்மையில் வாங்குபவர் நான்தான்” என்று எழுதுவது இன்னொரு குற்றம்.

இரண்டாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்ராம்ஸ்கி வழக்கு, 2014. அவர் முன்னாள் போலீஸ்காரர், வர்ஜீனியாக்காரர். பென்சில்வேனியாவில் இருந்த அவர் மாமாவுக்கு கிளாக் 19 வேண்டியிருந்தது, கேட்டிவாசியிடம் இருக்கிற அதே மாடல். போலீஸ்காரருக்குக் கடையில் விலை குறையும் என்பதால் மாமா பணத்தை அனுப்ப, இவர் தன் பேரில் வாங்கினார். பிறகு பென்சில்வேனியா டீலர் வழியாகவே, மாமாவுக்கும் சோதனை நடந்து, துப்பாக்கி கைமாறியது. மாமாவுக்குத் துப்பாக்கி வைத்திருக்க ஒரு தடையும் இல்லை. அப்படியும், படிவத்தில் சொன்னது பொய் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. தடையே இல்லாத மாமாவுக்கே இந்த நிலைமை.

எடிசன்_அக்கா | மார்ச் 10, மாலை 5.55

கேட்டிவாசி தம்பி, நியூ ஜெர்சிக்கு வருகிறீர்கள் என்பதால் நானும் சொல்கிறேன். எடுத்து வரவில்லை என்று முடிவு செய்தது உங்கள் விருப்பம். ஆனால் “கடைசி நேரத்தில் விலை படியவில்லை, டிரக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்” என்று மட்டும் ஆகிவிடக் கூடாது. இங்கே 2018 முதல் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு) வைத்திருக்கவே கூடாது. கிளாக் 19-உடன் வழக்கமாக வருவது பதினைந்து கொள்ளும் மேகசின். துப்பாக்கியை விற்றுவிட்டு மேகசின் மட்டும் ஏதோ ஒரு பெட்டியின் அடியில் கிடந்து வந்துவிடும். மூட்டை கட்டும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் துப்பாக்கி கொண்டுவந்தால் அதற்கான அடையாள அட்டை எடுக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்று 2022-இல் சட்டம் வந்திருக்கிறது.

மணல்மேடு | மார்ச் 10, மாலை 6.30

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாவற்றையும் டெக்சாஸில் வசிக்கும்போதே முடித்துவிடுங்கள் கேட்டிவாசி. நியூ ஜெர்சிவாசி ஆன பிறகு, டெக்சாஸில் நண்பர் வீட்டில் வைத்துவிட்டு வந்த துப்பாக்கியை டெக்சாஸ்காரருக்கு நேராக விற்க முடியாது. அப்போது நீங்கள்தான் வேறு மாநிலத்தவர்.

கேட்டிவாசி | மார்ச் 11, இரவு 8.50

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. நண்பனோடு பேசிட்டேன். அவன் விலகிட்டான். ஆனா அவன் மச்சான் அங்கேயே மேரியட்டாவில் இருக்கார். அமெரிக்கக் குடிமகன், தனி வீடு, களிமண் தட்டு சுடற கிளப்பில் உறுப்பினர். தனக்கே ஒரு 870 வேணும்னு ரொம்ப நாளாத் தேடிட்டு இருந்தாராம். தன் காசில் தனக்காகவே வாங்கறார். நண்பன் வீட்டுக்கு அது போகாது. இதில் ஏதும் சிக்கல் இருக்கா? கிளாக்கை நான் இங்கேயே விற்கலாம்னு இருக்கேன்.

மணல்மேடு | மார்ச் 11, இரவு 10.15

உண்மையிலேயே தனக்காக வாங்குகிறார் என்றால் சிக்கல் இல்லை. மச்சானிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பூட்டிய பெட்டியின் சாவியோ எண்ணோ எச்-1பி காரர் கையில் இருந்தால் அதையும் வைத்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரே வீட்டில் புருசன் எச்-1பி, மனைவி குடிமகள் என்று இருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

மச்சானுக்கு இரண்டு வழி. அவர் ஹூஸ்டன் பக்கம் வருவதாக இருந்தால், இங்கேயே ஒரு டீலர் கவுன்ட்டரில் 4473 நிரப்பி ஷாட்கன்னை வாங்கிப் போகலாம். ரைஃபிளும் ஷாட்கன்னும் இரண்டு மாநிலச் சட்டத்துக்கும் ஒத்துவந்தால், வேறு மாநிலத்தவருக்கு டீலர் நேரிலேயே கொடுக்கலாம். கைத்துப்பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது, அது வாங்குபவரின் சொந்த மாநில டீலர் வழியாகத்தான் போக வேண்டும்.

அவர் வரவில்லை என்றால் அனுப்பலாம். யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் இரண்டும் இப்போது தனியாட்களிடம் துப்பாக்கி வாங்குவதில்லை, தங்களோடு ஒப்பந்தம் உள்ள டீலர்களிடம் மட்டும்தான். பழைய இணையப் பதிவுகளில் “யு.பி.எஸ். கவுன்ட்டரில் கொடுத்தேன்” என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எதையும் மறைத்துக் கொடுக்கவும் கூடாது. அஞ்சல் துறை தோட்டா இல்லாத ரைஃபிளையும் ஷாட்கன்னையும் தனியாளிடமிருந்து வாங்கி வேறு மாநில டீலருக்குக் கொண்டுபோகும். கைத்துப்பாக்கியைத் தனியாள் அஞ்சலில் அனுப்ப 1927-இல் வந்த சட்டப்படி தடை. அதனால் கிளாக்கை வெளிமாநிலம் அனுப்புவது என்றால் உள்ளூர் டீலர் வழியாக அனுப்புவதுதான் உங்களுக்கு உள்ள ஒரே நடைமுறை வழி. அதை இங்கேயே விற்பது நல்ல முடிவு.

ஷாட்கன்னை நீங்களே அஞ்சலில் அனுப்புவதற்கு முன், மேரியட்டா டீலரை மச்சான் நேரில் பார்த்துப் பேசட்டும். தனியாளிடமிருந்து வரும் பார்சலைச் சில டீலர்கள் ஏற்பதில்லை, டீலரிடமிருந்து வந்தால்தான் எடுப்பார்கள். ஏற்பார் என்றால் அவருடைய லைசென்ஸ் நகலை மின்னஞ்சலில் வாங்குங்கள். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஏ.டி.எஃப். (டீலர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் கூட்டாட்சித் துறை) தளத்தில் ‘இ-ஸி செக்’ என்று ஒரு பக்கம் உண்டு. லைசென்ஸ் எண்ணின் முதல் மூன்று இலக்கமும் கடைசி ஐந்தும் போட்டால் பெயரும் முகவரியும் காட்டும். நகலில் உள்ள முகவரியும் அதுவும் ஒன்றாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். போலி நகல் அனுப்பித் துப்பாக்கியை அபகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வயல்நண்டு | மார்ச் 11, இரவு 11.02

870-ஐக் கட்டறது சுலபம். அறையிலும் குழாய் மேகசினிலும் தோட்டா இல்லைன்னு கண்ணாலும் விரலாலும் ரெண்டு தடவை பாருங்க. மேகசின் மூடியைத் திருகினா பேரல் தனியா வந்துடும், பெட்டி நீளம் பாதியாக் குறையும். ரெண்டு துண்டையும் லேசா எண்ணெய் தடவித் தனித்தனியா நுரைத்தாளில் சுத்தி, குலுக்கினா ஆடாத மாதிரி வைங்க. துப்பாக்கிக் கம்பெனி பேர் போட்ட பெட்டி வேண்டாம், சாதாரண அட்டைப்பெட்டி போதும். வெளியில உள்ள பொருளைக் காட்டற எந்த எழுத்தும் இருக்கக் கூடாது.

உங்க டிரைவர் லைசென்ஸ் நகல், வாங்கறவர் பேர், போன் நம்பர், துப்பாக்கியின் சீரியல் நம்பர் எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைங்க. அது இல்லைன்னா டீலருக்கு யாருக்கு வந்த பெட்டின்னே தெரியாது. இன்சூரன்சும் கையெழுத்து வாங்கிக் கொடுக்கற வசதியும் சேர்த்துக்கோங்க. தோட்டாவை அஞ்சலில் எந்த விதத்திலும் அனுப்பக் கூடாது, மிச்சம் இருக்கறதை அங்கேயே ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துடுங்க.

எடிசன்_அக்கா | மார்ச் 12, காலை 6.40

பணம் எப்படி வாங்கப் போகிறீர்கள் தம்பி? பேபாலில் துப்பாக்கி விற்பனைக்கு அனுமதி இல்லை, கணக்கையே முடக்கிவிடுவார்கள். தெரிந்த மனிதர் என்றாலும் தபால் நிலைய மணியார்டர் நல்லது. அதைத் தபால் நிலையத்திலேயே கொடுத்துக் காசாக்கினால் உண்மையா போலியா என்று அங்கேயே தெரிந்துவிடும். காசு கைக்கு வந்த பிறகு பெட்டியை அனுப்புங்கள்.

மணல்மேடு | மார்ச் 12, காலை 7.15

ஆமாம். சோதனையில் மூன்று பதில் வரலாம்: சரி, தாமதம், மறுப்பு. தாமதம் என்றால் மூன்று வேலை நாள் பொறுத்திருக்க வேண்டும். மறுப்பு வந்தால் பணம் எப்போது திரும்பும், துப்பாக்கியைத் திரும்ப அனுப்பும் செலவு யாருடையது என்று ஒரு தாளில் முன்பே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பேர் ஒற்றுமையால் தாமதம் வருவது நம்மவர்களுக்கு நடக்கிறதுதான். அதற்காக மச்சான் கவலைப்பட வேண்டாம்.

கிளாக்கை உள்ளூரில் விற்கும்போது சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு டீலர் கவுன்ட்டரிலேயே கைமாற்றுங்கள் என்பது என் வேண்டுகோள். குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியா மார்ட்டின்ஸ்பர்கில் இருக்கும் ஏ.டி.எஃப். தேடல் மையம் தயாரித்த கம்பெனி, டீலர், முதலில் வாங்கியவர் என்று வரிசையாகப் போகும். முதலில் வாங்கியவர் நீங்கள். யாருக்கு விற்றீர்கள் என்று போலீஸ் வந்து கேட்கும்போது, டீலர் பதிவேட்டில் அந்தப் பேர் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், முகம் தெரியாத ஒருவர் கையில் சோதனை இல்லாமல் ஓர் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஊர் மாறப் போவதில்லை.

கொங்குக்காரன் | மார்ச் 12, காலை 9.30

இனிமே நானும் அப்படித்தானுங்க செய்வேன். இருபத்தஞ்சு டாலர் செலவுக்குப் பாத்துட்டு இருக்க முடியாது.

கேட்டிவாசி | ஏப்ரல் 6, மாலை 4.10

முடிஞ்சுது. கிளாக்கை இங்கே ஒரு டீலர் கவுன்ட்டரில் வைத்து ஃபுல்ஷியர்காரர் ஒருவருக்குக் கொடுத்துட்டேன், மேகசின் எல்லாமும் சேர்த்து. ஷாட்கன் அஞ்சலில் மேரியட்டா போய்ச் சேர்ந்தது. மச்சானுக்கு முதலில் தாமதம்னு வந்து, அப்புறம் சரின்னு வந்துடுச்சு. தபால் ரசீது, மணியார்டர் நகல், டீலர் லைசென்ஸ் நகல் மூணையும் ஒரே உறையில் போட்டு வெச்சிருக்கேன். நண்பன் ரேஞ்சுக்கு வரமாட்டேன்னு ஆபீஸில் சொல்லிட்டான். அவன் சொன்ன பிறகு இன்னும் நாலு பேர் சொன்னாங்களாம்.

நல்லூரான் | ஏப்ரல் 7, காலை 8.25

நான் ஒகையோவில இருக்கிறன். என்ர மாமனார் மிச்சிகனில இருந்தவர், போன மாசம் காலமாகிட்டார். அவற்ற பழைய மான் வேட்டை ரைஃபிள் ஒண்டை என்ர மனுசிக்கு எண்டு உயிலில எழுதியிருக்கிறார். மனுசி இங்க பிறந்த ஆள், குடிமகள்தான். இதுக்கும் டீலரிட்டப் போகவேணுமோ?

மணல்மேடு | ஏப்ரல் 7, காலை 9.05

உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம். உயில் வழியாகவோ, உயில் இல்லாமல் வாரிசுரிமை வழியாகவோ வருவதற்கு அந்த 1968 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. வேறு மாநிலத்தில் இருக்கும் வாரிசுக்கு அதை நேரடியாகவே கொடுக்கலாம். வாரிசு தடை உள்ளவராக இருக்கக் கூடாது, அந்தத் துப்பாக்கி ஒகையோவில் சட்டப்படி வைத்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உயிலின் நகலையும், உயிலை நிறைவேற்றுபவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தையும் சீரியல் எண்ணோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரில் கொண்டுவரும்போது தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், டிக்கியில் வையுங்கள். மாமனார் உயிரோடு இருந்து கொடுத்திருந்தால் இந்த விலக்கு கிடையாது, டீலர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

அந்த ரைஃபிள் எந்த வருடத்தது என்று தெரியுமா? 1898-இலோ அதற்கு முன்போ செய்தது என்றால் கூட்டாட்சிச் சட்டப்படி அது பழம்பொருள், கணக்கே வேறு.

நல்லூரான் | ஏப்ரல் 7, காலை 9.40

அவ்வளவு பழசு இல்லை, வின்செஸ்டர் மாடல் 70. பெரிய உதவி, நன்றி. உயிலைப் பாக்கிற மச்சானிட்டக் கடிதம் கேக்கிறன்.